முதல் கேன்

அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் பதினோரு கல்லூரிகள். அதில் அறிவியல் கல்லூரிக்கு ஐந்து மாடி. ஐந்து மாடியிலும் படித்தவர்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுக்கிறவர் எட்டாவதோடு நின்றவர், இருப்பதோ அடித்தளத்தில்.

எல்லோருக்கும் அவர் தண்ணிக்காரர். முப்பத்தொரு வருஷமாக ஒரே வேலை. ஊர்க்குழாயில் வருகிற தண்ணீரைக் கொதிக்கவைப்பார். எழும்பும் ஆவி கண்ணாடிச் சுருளுக்குள் போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். அதை ஆள் உயரத் தொட்டியில் சேர்த்துவைப்பார். உப்பும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது, நாக்கில் வைத்தால் ருசியும் கிடையாது. மேலே எவ்வளவு பெரிய ஆராய்ச்சி நடந்தாலும் முதலில் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு இறங்கி வந்துதான் ஆகவேண்டும்.

அவர் யாரையும் நம்பமாட்டார். படித்தவர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிற ஒருவர் மை பட்ட விரலைத் தொட்டிக்குள் விட்டு அலசியதைக் கண்ணால் பார்த்தார். அன்றைக்கே தச்சரைப் பிடித்து வாசலுக்கு இரட்டைக் கதவு போட்டுக்கொண்டார். மேல்பாதி திறந்திருக்கும், கீழ்பாதிக்கு எப்போதும் பூட்டு. கேனைக் கீழ்க்கதவின் விளிம்புப் பலகைமேல் வைத்துவிட்டு நிற்கவேண்டும். அவர் உள்ளே கொண்டுபோய் நிரப்பித் தருவார். உள்ளே எட்டிப் பார்த்தால், "என்ன, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்பார். அதற்குமேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தொட்டியின் வயிற்றில் ஒரு மீட்டர் உண்டு. தண்ணீரில் உப்போ அழுக்கோ கலந்தால் முள் ஏறும். முப்பத்தொரு வருஷத்தில் அது சிவப்புக்கோட்டைத் தொட்டது கிடையாது. தினமும் காலை எட்டு மணிக்கு முள்ளைப் பார்த்து ரிஜிஸ்டரில் குறிப்பார். யாராவது குறை சொன்னால் வாயைத் திறக்கமாட்டார். ரிஜிஸ்டரை எடுத்துக் கதவுமேல் பொத்தென்று போடுவார். வந்தவர் கேனோடு திரும்பிப் போவார்.

நாலு மாசத்துக்கு முன்னால், பெரிய தொட்டியிலிருந்து கேன் நிரப்பும் பீங்கான் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டது. அது கடையில் கிடைக்கிற சாதாரணக் குழாய் இல்லை, அலுவலகம்தான் வரவழைத்துத் தரவேண்டும். எழுதிக் கொடுத்தார்.

"ஆறு வாரம் ஆகும்ணே," என்றார் அலுவலக எழுத்தர், கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஆறு வாரம் அஞ்சு மாடியும் எச்சிலைத் தொட்டு ஆராய்ச்சி பண்ணுமா?"

"அதையும் எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

தண்ணிக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய லேபை இடித்தபோது கட்டடத்துக்குப் பின்னால் குவித்த சாமான்களில் எட்டடி நீளச் செம்புக் குழாய் ஒன்று கிடந்தது. எடுத்தார். உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவி, திறந்து மூட ஒரு பித்தளைத் திருகு பொருத்தி, சுவரோரமாக மாட்டினார். புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. செம்பு கிருமியைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பிளாஸ்டிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆறு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து புதுக் குழாய் வந்து சேர்ந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரிமேல் எறிந்தார்.

ரிஜிஸ்டரில் இதை எழுதவில்லை. அதில் குழாய்க்கு என்று கட்டம் கிடையாது.

அவர் கொஞ்சமாவது மதித்த ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான். மூன்றாம் மாடி ஆராய்ச்சி மாணவி. தண்ணீர்த்தெள்ளு என்கிற பொடி நீர்ப்பூச்சியை வளர்ப்பவள். கடுகில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். கண்ணாடி ஜாடிக்குள் துள்ளித் துள்ளி நீந்தும். சாயப்பட்டறைக் கழிவு எவ்வளவு கலந்தால் அவை சாகும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்கு முதலில், கழிவே கலக்காத நல்ல தண்ணீரில் அவை உயிரோடு இருக்கவேண்டும். அவர் அவளைத் தெள்ளு என்றே கூப்பிடுவார்.

அவளை மதித்ததற்குக் காரணம் அவள் கேன். மற்றவர்கள் அடியில் பாசியோடு கொண்டுவருவார்கள். இவளோ போன வாரத்து மிச்சத் தண்ணீரைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, அவர் கண் முன்னாலேயே கேனை மூன்று தடவை அலசிவிட்டுத்தான் நீட்டுவாள். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. ஆகவே அவளுக்கு ஒரு மரியாதை செய்தார். திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுக்க யாரும் திருகைத் தொடாமல் இருந்த பிறகு வருகிற முதல் தண்ணீர், யார் வரிசையில் நின்றாலும், அவளுடைய ஐந்து லிட்டர் கேனுக்குத்தான்.

"முதல் தண்ணி. கை படாதது. எடுத்துட்டுப் போ," என்பார்.

"மத்தவங்க முறைக்கிறாங்கண்ணே."

"முறைச்சா முறைக்கட்டும். கேனைக் கழுவக் கத்துக்கிட்டு வந்து முறைக்கச் சொல்லு."

மூன்று மாசமாக அவளுடைய தெள்ளுகள் செத்துக்கொண்டிருந்தன.

கழிவு கலந்த ஜாடியில் செத்தால் பரவாயில்லை, அதற்குத்தான் ஆராய்ச்சியே. நல்ல தண்ணீர் ஜாடியில் செத்தன. திங்கட்கிழமை தண்ணீர் மாற்றினால் செவ்வாய்க்கிழமை அடியில் படிந்து கிடந்தன. உப்புக் கலவையை மாற்றினாள். தீனியை மாற்றினாள். ஜன்னல் ஓரத்திலிருந்து ஜாடியை நகர்த்தினாள். நாலாம் மாடியில் இன்னொருவரும் அதே தெள்ளுதான் வளர்த்தார். வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் பிடித்துப் போன பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து கேன் நிரப்புகிறவர். தண்ணிக்காரர் அவருக்கு வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி. அவருடைய ஜாடியில் தெள்ளு கொழுத்துக் குட்டி போட்டது. அதே தண்ணீர்தானே இரண்டு பேருக்கும்? அப்படியானால் குறை எங்கே? கையில்தான் என்று மேலே முடிவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அவளுடைய கைடு, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட பேராசிரியர், அடித்தளத்துக்கே இறங்கி வந்து கேட்டார். "தண்ணியில எதுவும் மாத்தமில்லையே?"

ரிஜிஸ்டர் பொத்தென்று விழுந்தது. "நீங்களே பாருங்க. முள்ளு அசையல."

"அப்ப வேற என்னதான் காரணம்?"

"என்னைக் கேட்டா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க சோப்புப் போட்டா ஒழுங்கா அலசுறதில்ல."

சொன்ன பிறகு நாக்கு கொஞ்சம் கசந்தது. மூன்று தடவை அலசுகிற பெண்ணைப் பற்றி அவரே சொன்ன சொல். ஆனால் தண்ணீர்மேல் பழி வருகிறபோது வேறு யார்மேல் தள்ளுவது? பேராசிரியர் தலையாட்டிவிட்டுப் படியேறினார்.

இந்தத் திங்கட்கிழமை அவள் வந்தபோது கேனை அலசவில்லை. கதவுமேல் வைத்துவிட்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா, அலசலையா?"

"அலசி என்ன பண்ண? நாளன்னைக்குக் கமிட்டி. அஞ்சு பேர் உக்காந்து, எனக்கு லேப் வேலை வருமா வராதான்னு முடிவு பண்ணுவாங்க. வராதுன்னு எழுதிட்டா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மூணு வருஷம்ணே."

"உன் கைடு பேசமாட்டாரா?"

"பேசுவார். சோப்பை அலசத் தெரியாதவன்னு பேசுவார். தண்ணிக்காரரே சொல்லிட்டாராம்." அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்களா?"

தண்ணிக்காரர் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதுகைக் காட்டிக்கொண்டே, "என் தண்ணியில குறை இல்ல," என்றார்.

"குறைன்னு நான் சொன்னேனா? உங்க தண்ணி அவ்வளவு சுத்தம். அதுல பாசிகூட வளராது. திங்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம பட்டினி கிடந்து செத்துப்போகும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நிரம்பிய கேனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் நிரப்பினார். கை வேலை செய்தது, மனசு அந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. பாசிகூட வளராது.

திருகுக்கு நேர் கீழே, பீங்கான் தொட்டியின் வெள்ளையில் விரல் அகலத்துக்கு ஒரு பச்சைக்கோடு விழும். இரண்டு மாசமாக விழுகிறது. சனிக்கிழமைதோறும் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். அடித்தளம், ஈரம், பாசி பிடிக்கத்தானே செய்யும் என்று நினைத்திருந்தார். பிளாஸ்டிக் குழாய் இருந்த அத்தனை வருஷத்தில் அங்கே பாசி பிடித்ததா? குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பாசியாக இருந்தால் வழுக்கவேண்டும். இது மாவு மாதிரி விரலில் ஒட்டியது. பச்சைகூட இல்லை, நீலம் கலந்த பச்சை.

வீட்டில் தேய்க்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் அவர் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். களிம்பு.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீட்டர் தொட்டியில் இருக்கிறது. குழாய் தொட்டிக்கு அப்புறம். நாலு மாசமாக அவர் காலை எட்டு மணிக்குப் பார்த்துப் பார்த்துக் குறித்தது, குழாய்க்குள் போகாத தண்ணீரை. ஞாயிறு முழுக்க எட்டடிச் செம்புக்குள் அசையாமல் ஊறிக்கிடந்த தண்ணீர் திங்கட்கிழமை காலை முதலில் வெளியே வரும். அது யாருடைய கேனில் விழும்? அவர் மரியாதை செய்த ஆளின் கேனில். ஊறல் எல்லாம் போய்த் தண்ணீர் சுத்தமாக வருகிறபோது கடைசியில் வந்து நிரப்புகிறவன்தான் தூங்குமூஞ்சி. செம்பு கிருமியைக் கொல்லும் என்று தெரிந்தவருக்கு, கடுகில் பாதி இருக்கிற ஜீவனை விட்டுவைக்காது என்று ஏன் தோன்றவில்லை?

இருந்தாலும் அவர் நம்பாத ஜாதி. தன்னைத்தானே நம்பிவிடுவாரா? களிம்பு என்று நினைப்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது இன்னொன்று.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு கண்ணாடிப் புட்டிகள் எடுத்தார். ஒன்றில், இரவு முழுக்கக் குழாயில் கிடந்த முதல் தண்ணீர். இன்னொன்றில், தொட்டியின் மூடியைத் திறந்து மேலேயிருந்து மொண்டது. முதல் புட்டியின் கழுத்தில் மட்டும் ஒரு நூலைக் கட்டினார். மூன்றாம் மாடிக்குப் படியேறினார். அந்தப் படிகளில் அவர் கடைசியாக ஏறியது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை.

அவள் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலி செய்கிற கழுவல்.

"எத்தனை மிச்சமிருக்கு?" என்றார்.

"எதுல?"

"உசுரோட."

"முப்பது இருக்கும். உங்க தூங்குமூஞ்சிகிட்ட கடன் வாங்கினது. எதுக்கு?"

"இருபது குடு. ரெண்டு புட்டியிலயும் பத்துப் பத்து விடு. உன் உப்பெல்லாம் கலந்து, எப்படி விடுவியோ அப்படி விடு."

"இதுல என்ன தண்ணி?"

"என் தண்ணி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"நூல் எதுக்கு?"

"நூல் உனக்கில்ல, எனக்கு." கொஞ்சம் இறங்கி வந்தார். "குடும்மா. செத்தா நான் பொறுப்பு."

அவள் புட்டிகளை வாங்கி உப்பைக் கலந்தாள். பிறகு சின்னக் கரண்டி போன்ற ஒன்றால் ஒவ்வொன்றாக எண்ணி விட்டாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அத்தனை வருஷம் தண்ணீர் கொடுத்தவர், அந்தத் தண்ணீரில் ஒரு உயிர் நீந்துவதை அன்றைக்குத்தான் பார்த்தார். கை மாதிரி இரண்டை வீசி, படியேறுவதுபோல மேலே மேலே போயின. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே ஏதோ துடித்தது.

"அது என்ன?"

"இதயம்."



சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். நூல் கட்டாத புட்டியில் பத்தும் துள்ளின. நூல் கட்டிய புட்டியில் பத்தும் அடியில் கிடந்தன, சிந்திய ரவை மாதிரி. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து எங்கேயும் நகரவில்லை போலிருந்தது.

"ரெண்டும் உங்க தண்ணின்னீங்க. நூல் கட்டினது எதுண்ணே?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு மத்தியானம் கமிட்டி!"

"அதுக்குள்ள சொல்றேன்," என்று இறங்கிவிட்டார்.

வீட்டில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னார். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. மறைத்தாலும் நிற்காது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"காலையில செம்பைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிடலாம். அடுத்த வாரத்துல இருந்து ஒண்ணும் சாகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அடுத்த மாசம் நான் ஓய்வு. மாலை போடப்போறாங்க."

"அந்தப் பொண்ணு?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஊரையே திருடன்னு பேசுற ஆளு," என்றாள் மனைவி, மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "பால்ல தண்ணி ஊத்துறான், தராசுல கட்டைவிரலை வைக்கிறான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. இப்ப நீங்க எந்தக் கணக்குல சேத்தி?"

"வாயை மூடு."

"மூடிட்டேன். நீங்க திறங்க."

புதன்கிழமை காலை செம்பைக் கழற்றினார். புதுக் குழாயை உறையிலிருந்து எடுத்து மாட்டினார். மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு கையில் ரிஜிஸ்டர், தோளில் எட்டடிக் குழாய், கிளம்பினார். லிஃப்டுக்குள் குழாய் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே நின்ற இரண்டு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "போங்க போங்க, நான் நடந்தே வர்றேன்," என்று படியில் திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் குழாய் சுவரில் இடித்து மணி அடித்தது. ஐந்தாம் மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

கமிட்டி அறையில் நீள மேஜை. ஐந்து பேர். ஓரத்தில் அவள், மடியில் கை. கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது குழாய்தான்.

"என்ன இது?" என்றார் தலைமை தாங்கிய அம்மாள், கல்லூரி முதல்வர். "பிளம்பர் வேலை எல்லாம் அப்புறம் வாங்க."

"பிளம்பர் இல்லைங்க. நான் தண்ணி." குழாயை மேஜைமேல் நீட்டிவைத்து, பக்கத்தில் ரிஜிஸ்டரையும் வைத்தார். இரண்டு பேர் தேநீர்க் கோப்பையை அவசரமாக நகர்த்தினார்கள். "இந்தப் பொண்ணோட பூச்சியைக் கொன்னது இதுதான். நாலு மாசத்துக்கு முன்னால நான் மாட்டினேன். யாரையும் கேக்கல. எழுதி வைக்கல. ஞாயித்துக்கிழமை முழுக்க இதுல ஊறின தண்ணியை, பாவி, நானே திங்கக்கிழமை முதல் ஆளா இவளுக்குப் பிடிச்சுக் குடுத்தேன். ரெண்டு புட்டி மூணாம் மாடியில இருக்கு. நூல் கட்டினது இந்தக் குழாய்த் தண்ணி. கட்டாதது தொட்டித் தண்ணி. போய் எண்ணிப் பாருங்க."

சோடாப்புட்டிக் கண்ணாடி எழுந்தார். "போன வாரம் நான் வந்து கேட்டப்ப..."

"கேட்டீங்க. ரெண்டு சொன்னேன். தண்ணியில குறை இல்லைன்னு சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது. இவ சோப்பை அலசுறதில்லைன்னு சொன்னது பொய். அது எனக்குத் தெரியும். மூணு தடவை அலசுவா. இந்தக் கட்டடத்துல கேனை அலசுற ஒரே ஆளு இவதான்."

முதல்வர் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே நீலப்பச்சையாகப் பூத்திருந்தது.

"மீட்டர் காட்டலையா?"

"மீட்டர் இதுக்கு முன்னால இருக்குங்க. முப்பத்தொரு வருஷமா நான் ஒழுங்காப் பாத்தேன். தப்பான இடத்துல பாத்தேன்."

மேஜையின் அந்தக் கோடியில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் மெதுவாகக் கேட்டார். "நாலு மாசமா? சரியா எந்தத் தேதியில இருந்து?" அவர் குரல் மாறியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வேகமாகப் புரட்டினார். இன்னொருவர் விரல்விட்டு வாரங்களை எண்ணத் தொடங்கினார். அந்தப் பெண்ணைத் தீர்த்துக்கட்ட உட்கார்ந்தவர்கள், தாங்கள் எந்தெந்தத் திங்கட்கிழமை எதை எதை அந்தத் தண்ணீரில் கரைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணிக்காரருக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

முதல்வர் ரிஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினார். "அந்தத் தேதிக்குப் பக்கத்துல எழுதுங்க. உங்க கையால."

எழுதினார். 'செம்புக் குழாய் மாட்டினேன். கேட்காமல் மாட்டினேன்.' கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போனது.

அவளுக்கு ஆறு மாசம் கூடுதலாகக் கொடுத்தார்கள். போன மூன்று மாசம் போனதுதான், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. அவருக்கு ஒரு விசாரணைக் கடிதம் வந்தது. மாலை பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு அறையைவிட்டு வெளியே வந்தபோது அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றார். அவள் படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் ஏழாவது ஆளாக நின்றாள். அவர் கூப்பிடவில்லை, அவளும் முன்னால் வரவில்லை. கீழ்க்கதவு பூட்டியிருக்கவில்லை. யாருக்கும் நுழையத் தைரியம் வராததால் எல்லோரும் வெளியிலேயே நின்றார்கள். அவள் முறை வந்தது. மூன்று தடவை அலசினாள். கேனை மேலே வைக்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். புதுக் குழாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பீங்கான் தொட்டியில் விரலை வைத்துத் தடவி, விரலைப் பார்த்தாள்.

"காலையில திறந்ததும் எவ்வளவு கீழ விட்டீங்க?"

"ரெண்டு லிட்டர்."

"மூணு விடுங்க."

"இது பிளாஸ்டிக்தானேம்மா. ஆறு பேர் பிடிச்சுட்டுப் போயாச்சு வேற..."

"எனக்கு நம்பிக்கை இல்ல," என்றாள்.

தண்ணிக்காரர் திருகைத் திறந்து, தான் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த தண்ணீர் மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும்வரை, வாய் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.